கருணைக்கும் கல்வி வேண்டும்

நுழையும்முன்

உழவருக்குத் துணையாகவும் வீட்டுக்குக் காவலாகவும் இருந்த விலங்குகள் இன்று பல இல்லங்களில் குடும்ப உறுப்பினர்களாகவே வளர்கின்றன. அவற்றைக் குளிப்பாட்டுதல், முடி திருத்துதல், பழக்குதல், வெளியூர் சென்றோர் திரும்பும்வரை பேணுதல் ஆகியவை தனித்தொழில்களாக வளர்ந்துள்ளன. தன் வலியைத் தானே எடுத்துரைக்க இயலாத உயிரைக் கையில் ஏற்பவருக்கு எத்தகைய கல்வி வேண்டும்? அக்கல்வியை ஒருமுறை பெற்றால் போதுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கல்லில் நிலைத்த பெயர்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள நடுகல் ஒன்று 7ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில் எடுக்கப்பட்டது. ஆநிரை மீட்கும் பூசலில் உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் நினைவைப் போற்றும் கல் அது. வீரனின் உருவத்துக்கு அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் அக்கல்வெட்டு தெரிவிக்கிறது. மனிதருக்கு எடுக்கும் கல்லில் நாய்க்கும் இடமளித்து, அதன் பெயரையும் பொறித்த சமூகம் அது.

தமிழரின் விலங்குறவு நெடிய வரலாறு உடையது. சங்க இலக்கியம் நாயை ஞமலி என்றும் காட்டுப்பூனையை வெருகு என்றும் குறிப்பிடுகிறது. மாடுகளுக்கு வரும் நோய்களையும் அவற்றுக்குரிய மருந்துகளையும் தொகுத்துரைக்கும் மாட்டுவாகடங்கள் தமிழில் தோன்றின. இராசபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை ஆகிய நாயினங்களைத் தென்தமிழகத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்த்தனர். எந்தக் குட்டி எப்படி ஓடும், எந்நாளில் எவ்வளவு உண்ணும், எதைக் கண்டால் மிரளும் என்பதெல்லாம் வளர்த்தவருக்குத் தெரியும். விலங்குடன் நாள்தோறும் வாழ்ந்ததனால் விளைந்த அறிவு அது. தந்தை செய்வதைப் பார்த்து மகன் கற்றான். தாய் செய்வதைப் பார்த்து மகள் கற்றாள்.

இன்றைய நகர வாழ்க்கையில் இத்தொடர் அறுந்துவிட்டது. நாயை வளர்ப்பவர் ஒருவர், குளிப்பாட்டுபவர் மற்றொருவர், பழக்குபவர் வேறொருவர். ஒரு மணி நேரத்துக்கு முன்புவரை அவ்விலங்கைக் கண்டிராத ஒருவரின் கையில் அது ஒப்படைக்கப்படுகிறது. ஒப்படைப்பவர் கதவுக்கு வெளியே காத்திருக்கிறார். உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே உயிருக்கோ சொல்லத் தெரியாது. தொழிற்சான்றிதழின் தேவை இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அன்பு மட்டும் போதுமா?

விலங்குகளை நேசிப்பவர்களே பெரும்பாலும் இத்தொழிலுக்கு வருகின்றனர். ஆயினும் அறியாமையால் நேரும் தீங்கை அன்பினால் மட்டும் தடுத்துவிட முடியாது. இதற்குச் சில சான்றுகளைக் காணலாம்.

மனித உடல் வியர்வையின் வழியே வெப்பத்தை வெளியேற்றுகிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் உள்ளங்கால் பகுதியிலேயே உள்ளன. எனவே அது நாவை நீட்டி மூச்சிரைப்பதன் மூலமாகவே தன் உடல்வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியசு வரை இருக்கும். 41 டிகிரியைக் கடந்தால் உள்ளுறுப்புகள் சிதையத் தொடங்கும் ஆபத்து உண்டு. குளிப்பாட்டிய நாயைக் கூண்டில் அடைத்துச் சூடான காற்றைச் செலுத்தி உலர்த்தும் கருவி சில இடங்களில் பயன்படுத்தப்படுகிறது. பக் போன்ற தட்டையான முகமுடைய நாய்க்குக் காற்றுவழி குறுகலானது. மூச்சிரைத்தும் அதனால் வெப்பத்தைப் போதிய அளவு தணிக்க இயலாது. அதனைக் கண்காணிப்பின்றி அக்கூண்டில் விட்டுச்சென்றால் சில நிமிடங்களில் உயிருக்கே ஊறு நேரலாம். விட்டுச்சென்றவர் கொடியவராக இருக்க வேண்டியதில்லை. அறியாதவராக இருந்தாலே போதும்.

பூனைக்குக் காய்ச்சல் என்று எண்ணி, மனிதர் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையைப் பரிவோடு கொடுப்போர் உண்டு. அம்மருந்தை நச்சு நீக்கி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அதன் குருதி உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். கொடுத்த கை அன்பின் கையே. ஆனால் அறிவு துணைநிற்காத கை.

உடல்மொழியை அறிவதும் இத்தொழிலின் அடிப்படையாகும். வாலாட்டும் நாய் எப்போதும் மகிழ்ச்சியில் இருப்பதாகப் பொருளில்லை. விறைத்த உடலோடு உயர்ந்து அசையும் வால் கிளர்ச்சியையோ எச்சரிக்கையையோ குறிக்கலாம். உறக்கம் வராதபோதும் கொட்டாவி விடுதல், அடிக்கடி உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், கண்ணின் வெண்மை தெரியுமாறு ஓரமாகப் பார்த்தல் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகளாக அமையலாம். உறுமும் நாயை அடித்து அடக்கினால் அதன் அச்சம் மறையாது. எச்சரிக்கை மட்டுமே மறையும். அடுத்தமுறை அது உறுமாமலே கடிக்கும். கடிபடுபவர் அதே பணியாளராகவோ ஒரு குழந்தையாகவோ இருக்கலாம். ஆகவே, பணியாளரின் கல்வி விலங்கை மட்டுமன்றி மனிதரையும் காக்கிறது.

சான்றிதழ் என்னும் உறுதிமொழி

முடி திருத்தும்போது கத்தரி காதில் பட்டால் மனிதன் உடனே கூறிவிடுவான். அடுத்தமுறை வேறு கடையை நாடுவான். வாடிக்கையாளரின் சொல்லே அங்குத் தரத்தைக் காக்கிறது. செல்லப்பிராணிப் பராமரிப்பில் பணம் தருபவர் ஒருவர். பணியின் பயனையோ துன்பத்தையோ அடைவது மற்றோர் உயிர். பளபளக்கும் முடியையும் நறுமணத்தையும் உரிமையாளர் காண்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில் அவ்வுயிர் பட்ட அச்சத்தை அவர் காண்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப மூன்றாம் தரப்பின் உறுதிமொழி ஒன்று தேவைப்படுகிறது. இப்பணியாளர் விலங்கின் உடலமைப்பையும் நடத்தையையும் அறிந்தவர், முதலுதவி தெரிந்தவர், கருவிகளைத் தூய்மைப்படுத்தித் தொற்றைத் தடுக்க வல்லவர், தம்மால் இயலாத நிலையில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்னும் எல்லை உணர்ந்தவர் என்பதே அந்த உறுதிமொழி. சான்றிதழ் சுவரை அழகுபடுத்தும் தாளன்று. பேச இயலாத உயிரின் சார்பில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு ஒருவர் அளித்த விடை.

விலங்கு நலக் கல்வியின் வளர்ச்சி

விலங்கு மருத்துவத்தை முறையான கல்வியாக்கும் முயற்சி பிரான்சில் வேரூன்றியது. குளோடு பூர்சலா என்பவரின் முயற்சியால் லியோன் நகரில் 1761ஆம் ஆண்டு கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. தமிழகத்தில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பட்டது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. இத்துறைக்கென இந்தியாவில் அமைந்த முதல் பல்கலைக்கழகம் அதுவே.

சட்டமும் படிப்படியாகத் துணைவந்தது. 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பதிவுபெற்ற மருத்துவரே விலங்குகளுக்கு மருத்துவம் செய்யலாம் என்னும் நெறியை வகுத்தது. நாய் இனப்பெருக்கத்தையும் விற்பனையையும் முறைப்படுத்தும் விதிகள் 2017இலும், செல்லப்பிராணிக் கடைகளுக்கான விதிகள் 2018இலும் வெளிவந்தன. எட்டு வாரம் நிரம்பாத நாய்க்குட்டியை விற்கலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று.

இவ்வாறு மருத்துவருக்குப் பதிவு உண்டு. விற்பனைக் கடைக்கும் பதிவு உண்டு. ஆனால் நாய்க்கு முடி திருத்துபவரும் அதனைப் பழக்குபவரும் இன்ன கல்வி பெற்றிருக்க வேண்டும் என நாடு முழுமைக்கும் பொதுவாகக் கட்டாயப்படுத்தும் உரிமமுறை இந்தியாவில் இல்லை. விலங்கின் உடலோடு நெருங்கிப் பழகும் கை, சட்டத்தின் பார்வைக்கு இன்னும் வெளியிலேயே நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

மதுரையில் 1904இல் பிறந்து, கலாசேத்திராவை நிறுவி நாட்டியக் கலையை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல், விலங்கு நலத்துக்கும் அரும்பணி ஆற்றினார். மாநிலங்களவைக்கு 1952இல் நியமிக்கப்பட்ட அவர், விலங்கு வதையைத் தடுக்கும் தனிநபர் மசோதாவை அவையில் கொண்டுவந்தார். 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அம்முயற்சி வழிகோலியது. அச்சட்டத்தின்படி 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவ்வாரியத்தின் தலைமையகம் நெடுங்காலம் சென்னையில் இயங்கியது.

பிற நாடுகளின் பட்டறிவு

இச்சிக்கலைப் பிற நாடுகள் வெவ்வேறு வழிகளில் அணுகியுள்ளன. சப்பான் சட்டத்தின் வழியே சென்றது. செல்லப்பிராணிச் செவிலியருக்கென 2019இல் தனிச்சட்டம் இயற்றியது. அச்சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. முதல் தேசியத் தேர்வு 2023இல் நடைபெற்றது. தேர்ச்சி பெற்றுப் பதிவு செய்துகொண்டவரே அப்பெயரைத் தாங்கலாம். மருத்துவரின் வழிகாட்டுதலின்கீழ்க் குருதி எடுத்தல், மருந்து புகட்டுதல், அடையாள நுண்சில்லு பொருத்துதல் ஆகிய பணிகளை அவர் செய்யலாம்.

இங்கிலாந்து, பணியிடத்துக்கு உரிமம் வழங்கும் வழியைத் தேர்ந்தது. நாய், பூனைத் தங்குவிடுதிகளும் பகல்நேரக் காப்பகங்களும் உரிமம் பெற வேண்டும் என 2018ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன. உள்ளாட்சி அமைப்பு நேரில் ஆய்வு செய்து, ஒன்று முதல் ஐந்து வரை விண்மீன் தரம் வழங்குகிறது. ஆயினும் முடிதிருத்தும் தொழில் அவ்விதிகளுக்குள் கொண்டுவரப்படவில்லை. முன்னேறிய நாடுகளிலும் இப்பணி முற்றுப்பெறவில்லை என்பதை இது காட்டுகிறது.

அமெரிக்காவில் தொழில்துறையினரே அமைப்புகளை உருவாக்கித் தமக்குத் தாமே நெறி வகுத்தனர். நாய்ப் பயிற்றுநருக்குச் சான்றளிக்கும் மன்றம் ஒன்று அங்கு 2001இல் தோன்றியது. அதன் அறிவுத்தேர்வை எழுத விரும்புவோர், முந்தைய மூன்றாண்டுகளில் குறைந்தது 300 மணி நேரம் நாய்களைப் பயிற்றுவித்திருக்க வேண்டும். தேர்வுக்கூடத்துக்குள் நுழையும் முன்பே கை பழகியிருக்க வேண்டும் என்பது அந்த நெறியின் உட்பொருள். வென்றவருக்குக் கிடைக்கும் சான்றிதழும் நிலையானதன்று, மூன்றாண்டுகளில் காலாவதியாகிவிடும். அதற்குள் 36 தொடர்கல்வி அலகுகளை நிறைவு செய்தல் வேண்டும். அல்லது மீண்டும் தேர்வெழுத வேண்டும். பிரிட்டனில் பதிவுபெற்ற விலங்குச் செவிலியர் ஒவ்வோர் ஆண்டும் 15 மணி நேரம் தொடர்கல்வி பெறுதல் கடமையாகும்.

ஒருமுறை வென்றவர் ஏன் மீண்டும் மீண்டும் கற்க வேண்டும்? இதற்கு விடை, அறிவு வளர்ந்த வரலாற்றிலேயே உள்ளது.

மாறும் அறிவு

உருடால்ஃப் செங்கல் என்னும் ஆய்வாளர் அடைப்பிடத்தில் வாழ்ந்த ஓநாய்களை ஆராய்ந்து 1947இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒன்றோடொன்று போரிட்டு வெல்லும் ஓநாயே கூட்டத்தின் தலைமையைக் கைப்பற்றுகிறது என்னும் கருத்து அதன்வழி பரவியது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அக்கருத்தை மேலும் பரப்பியது. நாய் ஓநாயின் வழிவந்ததாதலால், அதனையும் அடக்கித் தலைமையை நிலைநாட்ட வேண்டும் எனப் பலர் நம்பினர். நாயை மல்லாக்கப் புரட்டி அழுத்திப் பிடிப்பதும், கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுப்பதும் பயிற்சிமுறைகள் ஆயின.

பின்னர் டேவிட் மெக் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் இயற்கைச் சூழலில் வாழும் ஓநாய்களைப் பல கோடைக்காலங்கள் உற்றுநோக்கினார். அங்கு அவர் கண்டது போர்க்கூட்டம் அன்று, குடும்பம். தலைமை ஓநாய்கள் என எண்ணப்பட்டவை தந்தையும் தாயுமே. பின்தொடர்ந்தவை அவற்றின் குட்டிகள். ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத விலங்குகளை ஒரே அடைப்பில் இட்டதனால் விளைந்த பூசலே அவற்றின் இயல்பெனத் தவறாகக் கொள்ளப்பட்டிருந்தது. 1999இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் பழைய கருத்தைத் திருத்தினார். தாம் பரப்பிய கருத்தைத் தாமே மறுத்துரைத்த அந்த நேர்மை, அறிவியலாளர் யாவருக்கும் பாடமாகும்.

1980களில் தொழில் கற்று, அதன்பின் எதையும் படிக்காத பயிற்றுநர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் கற்றது அக்காலத்து அறிவு. அதை அவர் பிழையின்றியே கற்றார். ஆனால் அறிவு நகர்ந்துவிட்டது. அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அவருடைய கையில் சிக்கும் நாய், திருத்தப்பட்டுவிட்ட ஒரு பிழைக்காக இன்றும் துன்புறுகிறது.

உணவு பற்றிய அறிவும் இவ்வாறே மாறியுள்ளது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்னும் செய்தி, 2001ஆம் ஆண்டையொட்டியே மருத்துவ உலகின் பரவலான கவனத்துக்கு வந்தது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம் அதற்குக் காரணமாகலாம் என்னும் கருத்து 2021இல் முன்வைக்கப்பட்டது. பூனையின் பிடரித் தோலைப் பற்றித் தூக்குவது நெடுங்காலம் இயல்பான முறையாகக் கருதப்பட்டது. அம்முறை அச்சத்தை மிகுவிப்பதால் தவிர்க்கத்தக்கது எனப் பூனை மருத்துவ வல்லுநர்களின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. நேற்றுவரை சரியெனப்பட்டது இன்று தவறாகலாம். தொடர்கல்வியைச் சான்றிதழின் உயிர்மூச்சு எனலாம்.

சான்றிதழின் எல்லைகள்

சான்றிதழ் குறித்த ஐயங்களும் உண்டு. அவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. பணம் செலுத்தியவுடன் வழங்கப்படும் சான்றிதழ், அது இல்லாமையினும் தீயது. இல்லாத அறிவுக்கு அது சாட்சி கூறுகிறது. உரிமையாளரின் விழிப்பையும் உறங்கச் செய்கிறது. ஆகவே, சான்றிதழைக் காண்போர் சில வினாக்களை எழுப்ப வேண்டும். அதனை வழங்கியவர் யார்? கற்பித்தவரே தேர்வும் நடத்தினாரா? செய்முறைத்தேர்வு இருந்ததா? எத்தனை ஆண்டுகளுக்கு அது செல்லும்? தவறிழைத்தவரிடமிருந்து அதனைத் திரும்பப் பெறும் முறை உண்டா? இவற்றுக்கு விடையில்லாத சான்றிதழ் வெறுந்தாளே.

இரண்டாவது ஐயம், எளியோரின் வாழ்வு பற்றியது. இத்தொழிலில் ஈடுபடுவோர் பலர் கடையில் உதவியாளராகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். கட்டணம் மிகுந்த, ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் தேர்வு கட்டாயமானால், இருபதாண்டுப் பட்டறிவுள்ள கை வெளியேற்றப்பட்டு, ஏட்டறிவு மட்டும் உள்ள கை உள்ளே வரக்கூடும். நாயின் நடையைக் கண்டே அதன் காலில் முள் தைத்திருப்பதை அறியும் முதியவரின் அறிவை எந்த ஏட்டாலும் எளிதில் தந்துவிட இயலாது.

இதற்கும் வழி உண்டு. இந்திய அரசு 2013இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை அறிவித்தது. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்கற்றலை ஏற்பளித்தல் என்னும் கூறு இடம்பெற்றது. பள்ளியில் பயிலாமல் பணியிடத்தில் கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிப்பதே அதன் நோக்கம். அந்நெறியைப் பின்பற்றி, செல்லப்பிராணிப் பணியாளரின் கைத்திறனைச் செய்முறையால் மதிப்பிடலாம். குறைவுள்ள பகுதிகளை மட்டும் தாய்மொழியில் கற்பிக்கலாம். அவ்வாறு செய்தால் சான்றிதழ் எளியோரை விலக்கும் சுவராகாமல், அவர்களை உயர்த்தும் படியாகும். தகுதி உறுதிசெய்யப்பட்டவர் உரிய ஊதியத்தைக் கேட்டுப் பெறவும் முடியும்.

பணியாளரின் உடல்நலமும் அக்கல்வியில் இடம்பெற வேண்டும். கடியும் கீறலும் இத்தொழிலில் நேரக்கூடியவை. அறிகுறிகள் தோன்றியபின் வெறிநாய்க்கடி நோய் ஏறத்தாழ எப்போதுமே உயிரைப் பறிக்கும். ஆனால் உரிய காலத்தில் தடுப்பூசியால் அதனைத் தடுக்க முடியும். கடிபட்ட இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும் என்பதைப் பணியில் சேரும் முதல் நாளிலேயே ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

அறிவோடு கூடிய அருள்

எடுத்தனூர்க் கல்லில் கோவிவனின் பெயரைப் பொறிக்கச் செய்தவர்கள் அந்நாயைப் பெயர்சொல்லி அழைத்து வாழ்ந்தவர்கள். அதன் இயல்பை அறிந்திருந்தனர். அதனால் அதன் அருமையையும் அறிந்திருந்தனர். இன்று அந்த நெருக்கத்தை ஒவ்வொரு பணியாளரும் ஒவ்வொரு விலங்குடனும் பெற இயலாது. அதன் இடத்தை நிரப்ப வல்லது முறையான கல்வி ஒன்றே.

மேசைமீது நடுங்கி நிற்கும் நாய், தன்னை நெருங்கும் கை எத்தகையது எனக் கேட்க இயலாது. அக்கேள்வியை அதன் சார்பில் கேட்க வேண்டியவர்கள் உரிமையாளரும் சமூகமும் அரசும் ஆவர். விடை கூற வேண்டியவர் பணியாளர். நேற்றுக் கூறிய விடையையே இன்றும் கூறாமல், நாள்தோறும் கற்றுத் தம் விடையைப் புதுப்பித்துக்கொள்பவரின் கையில் அவ்வுயிரின் நடுக்கம் தணியும். கருணை நெஞ்சில் பிறக்கலாம். அது பயன்தருவது கற்ற கையின் வழியேதான்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் விலங்குகளைப் பேணும் பணியில் ஈடுபட்டுள்ள ஒருவரைச் சந்தித்து, அவர் தொழில் கற்ற முறையைக் கேட்டறிந்து நேர்காணல் வடிவில் எழுதுக.

2. ‘பட்டறிவே போதும்’, ‘சான்றிதழ் கட்டாயம்’ என்னும் இரு தலைப்புகளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. டேவிட் மெக் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்ட நிகழ்வு உணர்த்தும் பண்பினை விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.

4. செல்லப்பிராணி வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டிய பாதுகாப்புச் செய்திகள் ஐந்தினைத் தமிழில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் காட்சிப்படுத்துக.